மூன்றாம் தொட்டியின் போர்வை

போர்வையை ஒருமுறை உதறிப் போடலாம் என்று நுரைக்காரர் அதன் நுனியைத் தூக்கியதுதான் தாமதம், அக்காவின் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக ஒரு கரண்டித் தண்ணீர்கூட முழுசாக உள்ளே இறங்காத உடம்பு அது. அந்தக் கைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ!

"அக்கா, உதறிட்டு மறுபடி போத்தி விடுறேன். உன் போர்வைய யாரும் தூக்கிட்டு ஓடிட மாட்டாங்க."

பிடி தளரவில்லை. அக்கா கண்ணைத் திறந்து அவரைத் தாண்டி எதையோ பார்த்தாள். உதடு அசைந்தது. அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"மூணாம் நம்பருக்கு... போத்திட்டியா?"

இனிமேல் நினைவு தடுமாறும், எதையாவது பேசுவார்கள், கண்டுகொள்ளாதீர்கள் என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த நேரத்தில் அவளிடம் வாதாடி என்ன ஆகப் போகிறது?

"போத்திட்டேன்க்கா."

"நிஜமா?"

"நிஜமாத்தான். நீ தூங்கு."

அக்கா மணிக்கட்டை விட்டாள். நெற்றிச் சுருக்கம்கூடக் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. அவர் சொன்னதோ முழுப் பொய். மூன்றாம் நம்பர் என்பது வீட்டின் கீழ்த்தளத்தில் ஜன்னலோரமாக நிற்கும் ஒரு பீர்த் தொட்டி. அதற்குப் போர்த்துகிற போர்வை ஏழு மாதமாக அக்காவின் மேல்தான் கிடக்கிறது.

நுரைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். பதினோரு வருடத்துக்கு முன்னால், பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை உதறிவிட்டு, கீழ்த்தளத்தில் மூன்று எவர்சில்வர் தொட்டிகளை இறக்கி, சொந்தமாகப் பீர் காய்ச்சப் போகிறேன் என்று அவர் கிளம்பியபோது பெரியண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். முதல் தடவை காய்ச்சியதில் பாதி நுரையாகப் பொங்கி வாசற்படி தாண்டித் தெருவில் ஓடியது. அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. மனிதருக்கு அதில் கோபமெல்லாம் இல்லை, உள்ளுக்குள் ஒரு பெருமைகூட உண்டு. வண்டி ஓட்டுகிறவர், தச்சர், பள்ளிக்கூட வாத்தியார் என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் சாயங்காலம் ஆனால் எல்லாரும் தேடியது அவருடைய பழுப்புக் குதிரையைத்தான்.

பழுப்புக் குதிரை என்பது லேபிளில் இருந்த பெயர். லேபிளில் குதிரையை வரைந்தது அவர் மனைவி. பாவம், அவளும் எவ்வளவோ பாடுபட்டுப் பார்த்தாள். காது நீண்டுவிட்டது, கால் குட்டையாகிவிட்டது. "ரெண்டு கழுதை குடுங்க" என்றுதான் எல்லாரும் கேட்டு வாங்கினார்கள். பத்து வருடம் அந்தக் கழுதை குதிரைப் பாய்ச்சலில் விற்றது.

கடந்த ஏழு மாதமாகத்தான் என்னவோ ஆகிவிட்டது. "கழுதை முன்ன மாதிரி இல்லையே நுரை" என்று முதலில் தச்சர் சொன்னார். அப்புறம் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அப்புறம் சொல்வதையும் விட்டுவிட்டு வேறு எதையோ வாங்கிக்கொண்டு போனார்கள். நுரைக்காரரே குடித்துப் பார்த்தார். நாக்கில் வெண்ணெய் தடவின மாதிரி ஒரு வழவழப்பு. பார்லியை மாற்றினார். ஈஸ்ட்டை மாற்றினார். குழாய்களையெல்லாம் கழற்றி வெந்நீரில் கழுவினார். வெண்ணெய் நகரவில்லை. பதினோரு வருடமாக ஒரே கணக்கில் காய்ச்சுகிற சரக்கில் புதிதாக வெண்ணெய் எங்கிருந்து வரும்? கடைசியில், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்ற கதையாக, லேபிள்தான் பழசாகிவிட்டது என்று முடிவுகட்டினார். கண்ணுக்கு அலுத்துப்போனது நாக்குக்கும் அலுத்துப்போகும் என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு.

ஒரு டிசைனர் பெண்ணைப் பிடித்தார். புதுப் பெயர், புது லேபிள், புது பாட்டில். பெயர் 'பாய்ச்சல்'. இந்தத் தடவை அசல் குதிரை, பிடரி பறக்க, நாலு காலும் தரையில் படாமல். போன வாரம் அதை அக்காவிடம் கொண்டுவந்து காட்டினார். அவள் படுத்தபடியே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"குதிரை நல்லாத்தான் இருக்கு. இத்தனை நாள் பாரம் சுமந்தது என்னவோ கழுதைதான்," என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பாய்ச்சலாக வெளியே போக வேண்டிய முதல் சரக்கு இப்போது மூன்றாம் தொட்டியில் புளித்துக்கொண்டிருந்தது. காய்ச்சி ஊற்றி இன்று ஐந்தாம் நாள்.

காலை பத்து மணி இருக்கும். மனைவி பால் எடுத்துவர உள்ளே போயிருந்தாள். அக்காவின் மூச்சு நின்று நின்று வந்தது. ஒன்று வரும், நுரைக்காரர் மனசுக்குள் எண்ணுவார், எட்டு, ஒன்பது, அடுத்தது வரும். அப்புறம் பதினைந்து. அப்புறம் இருபது. பயந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பயம் வரவில்லை. ஏதோ பெரிய காரியம் ஒன்று கண்முன்னால் நடக்கிறது, குறுக்கே புகுந்து அதைக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் தோன்றியது. மனைவியைக்கூடக் கூப்பிடவில்லை. ஒரு மூச்சு வந்தது, போனது. அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். அறுபது தாண்டியபோதுதான் எண்ணுவதை நிறுத்தினார்.

அம்மாடி, இவ்வளவுதானா! இவ்வளவு சத்தமில்லாமலா! அறுபத்தேழு வருடம் நடந்த, சிரித்த, திட்டின, பாட்டில் கழுவின ஒரு ஆள், கதவுகூடக் கிறீச்சிடாமல் வெளியே போய்விட்டாள். அவர் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சூடு இன்னும் இருந்தது. சூட்டுக்கு விஷயம் தெரியவில்லை.

பால் டம்ளரோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு வீடு அவர் கையில் இல்லை. அடுத்த தெருவிலிருந்து பெரியண்ணன் வந்தார். வந்த வேகத்தில் யாருக்குச் சொல்லியாச்சு, யாருக்குச் சொல்லணும், சவப்பெட்டி எப்ப வரும் என்று எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். பெட்டி ரெண்டு மணிக்கு. அடக்கம் மூணு மணிக்கு. அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. ஆனால் பதினொரு மணிக்குள் மாடிப்படி நிறைய ஆள். ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, "எங்க அக்கா, எங்க அக்கா" என்று உரிமை கொண்டாடினார்கள்.

அக்கா முப்பது வருடம் குழந்தைகள் வார்டில் ஆயாவாக இருந்தவள். தெர்மாமீட்டரை நம்ப மாட்டாள். குழந்தையைத் தூக்கி அதன் நெற்றியில் தன் கன்னத்தை வைத்துப் பார்த்து, "இதுக்கு ஏறுது", "இதுக்கு இறங்குது" என்று சொல்லிவிடுவாள். டாக்டர்கள் முதலில் திட்டினார்களாம். போகப் போக, அவள் கன்னம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் எழுதவே ஆரம்பித்தார்களாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கு வார்டில் கொடுத்த கனத்த சாம்பல் நிறப் போர்வைதான் இது. சும்மா உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் என்று சொல்லி, மறுநாளே தம்பியின் கீழ்த்தளத்துக்குப் பாட்டில் கழுவ வந்துவிட்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் ஆயுளில் ஒரு சொட்டுப் பீர் வாயில் வைத்ததில்லை. வாசனையே ஆகாது. மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தாள்.

படியேறி வந்த மூடியம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நுரைக்காரரிடம் வந்தாள். பாட்டில்களுக்கு மூடி அடிக்கிற மெஷினில் வேலை, அதனால் மூடியம்மா. அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தது. அவர் தோளைத் தொட்டுச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அண்ணே, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். மூணாம் நம்பருக்கு இன்னிக்கு அஞ்சாம் நாள். ஐஸ் தண்ணியத் திறந்து விடணும்ல? நானே திறந்துரட்டா?"

தொட்டிகளுக்கு ரெட்டைச் சுவர். புளிக்கும்போது உள்ளே சூடு ஏறும். ஐந்தாம் நாள், நுரை அடங்கினதும், சுவர்களுக்கு நடுவே ஐஸ் தண்ணீரை ஓடவிட்டு எல்லாவற்றையும் குளிரவைத்துவிட வேண்டும். அப்புறம் ஒன்பது நாள் கழித்து பாட்டில். நுரைக்காரர் முதல் வருடமே அதைப் பலகையில் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டார். திற என்று சொல்ல வாயெடுத்தார்.

"அக்கா இருந்திருந்தா இன்னும் ரெண்டு நாள் போகட்டும்னிருப்பாங்க," என்று மூடியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன ரெண்டு நாள்?"

"அதான்ணே, போர்வையப் போட்டு ரெண்டு நாள் வெச்சிருந்து, அப்புறம்தானே குழாயத் திறப்பாங்க."

"யாரு?"

மூடியம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? உங்க உத்தரவுன்னுல்ல நான் இத்தனை நாளா நெனச்சிட்டு இருந்தேன்!"

நுரைக்காரர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

"ஒவ்வொரு தடவையுமா?"

"கழுதை எப்பவும் மூணாம் நம்பர்லதானே, அதுக்கு ஒவ்வொரு தடவையும். காலைல வந்ததும் கன்னத்த வெச்சுப் பாப்பாங்க. 'காய்ச்சல் விடுது மூடி, இப்பத்தான் இதுக்குக் குளிரும், போர்வைய எடு'ம்பாங்க. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கன்னத்த வெச்சுப் பாத்துட்டு 'இனிமே குளிச்சுக்கட்டும்'னு குழாயத் திறப்பாங்க. அவங்க படுத்ததுக்கு அப்புறம்தான் நான் பலகையில இருக்கிறபடி அஞ்சாம் நாளே திறக்கிறேன். பலகையில அப்படித்தானே போட்டிருக்கு?"

பலகையில் அப்படித்தான் போட்டிருந்தது.

போர்வை விஷயம் அவருக்குத் தெரியாமல் இல்லை. முதல் வருடமே அவர் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். "உள்ள ஐஸ் தண்ணி ஓடுறப்போ வெளிய போர்வை எதுக்குக்கா? தொட்டிக்கு ஜன்னியா?" என்று கேட்டார். அவள் "சரிப்பா" என்றாள். சரி என்றால் விட்டுவிட்டாள் என்று அர்த்தம் இல்லை. "டாக்டர் சொல்றதுக்குச் சரின்னு சொல்லுவேன். குழந்தை சொல்றதைச் செய்வேன்" என்று அவளே எத்தனையோ தடவை வார்டுக் கதை சொல்லியிருக்கிறாள். அப்போதாவது இந்த மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டாமா? மூன்றாம் தொட்டியில் சூடு காட்டுகிற முள் எந்தக் காலத்திலேயோ ஒரே இடத்தில் நின்றுவிட்டது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பத்து வருடம் ஓடிவிட்டது. முள் பொய் சொன்னது, பலகை பொய் சொன்னது, கழுதை மட்டும் நன்றாக வந்துகொண்டிருந்தது. நன்றாக வருகிறதை யார் கிளறிப் பார்க்கிறார்கள்?

கடைசி இரண்டு நாள் வெதுவெதுப்பில் விட்டால் ஈஸ்ட் தான் விட்ட எச்சத்தைத் தானே தின்று தீர்த்துவிடும், வெண்ணெய் வாடை போய்விடும். படித்த பாடம்தான். அவர் புத்தகத்தில் படித்து மறந்ததை அக்கா கன்னத்தில் வைத்திருந்தாள். நூற்றெண்பது தடவையாவது இருக்கும். ஒரு தடவைகூடக் குடித்துப் பார்க்காமல்.

கழுதையைக் காய்ச்சியவர் என்று அவர் முதுகில் எத்தனை பேர் தட்டியிருப்பார்கள்! அத்தனை தட்டும் இப்போது திரும்ப வந்து விழுந்தது.

"அந்தப் போர்வையில ஒரு ஓட்டை இருக்கே..." என்றார்.

"குழாய்க் கைப்பிடி வெளிய வர்றதுக்கு. அவங்களே வெட்டி ஓரம் தெச்சாங்க. மேல ஒரு துண்டுத் துணிய வெச்சு மூணு பொத்தான். யாரும் தெரியாம கைய வெச்சுத் திறந்துரக் கூடாதாம்."

அவர் வந்து கட்டிலருகே நின்று பார்த்தார். அக்காவின் நெஞ்சுக்கு நேராக அந்த வட்டம் இருந்தது. ஏழு மாதமாகத் தினமும் பார்த்ததுதான். பூச்சி அரித்த இடத்தை ஒட்டுப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஓரம் முழுக்கப் பொடிப் பொடியான தையல். இரண்டு பக்கமும் கட்டுவதற்கு நாடா. தொட்டி அளவுக்குத் தைத்த சட்டை அது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த அன்று உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டபோது, கீழே ஓடிப்போய்த் தொட்டியிலிருந்து அதை உருவிக்கொண்டு வந்து போர்த்தியது அவரேதான். "அப்ப தொட்டிக்கு?" என்று அவள் பல்லைக் கிட்டித்துக்கொண்டு கேட்டாள். "தொட்டிக்கு என்னக்கா, அது எவர்சில்வர்" என்றார் இவர்.

காலையில் கேட்ட கேள்வி இப்போதுதான் சரியாகக் காதில் விழுந்தது. புத்தி தடுமாறிக் கேட்டதில்லை அது. இன்று ஐந்தாம் நாள் என்று, மூச்சு நின்று நின்று வந்த அந்த நேரத்திலும், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. போர்த்திவிட்டேன் என்று இவர் சொன்னார். நிஜமா என்று அவள் இரண்டாம் தடவையும் கேட்டாள். நிஜம்தான் என்று இவர் வாய் கூசாமல் சொன்னார். அதை நம்பித்தான் அவள் கையை விட்டாள்.

"குழாயத் தொடாத," என்று மூடியம்மாவிடம் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து டிசைனர் பெண் வந்தாள். கையில் ஒரு கொத்து வெள்ளைப் பூ. தோளில் தொங்கின பையிலிருந்து சுருட்டின தாள் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை உள்ளே அமுக்கினாள், அது மறுபடி எட்டிப் பார்த்தது.

"சாரி சார், நேரா வேலையிலேருந்து வந்துட்டேன். இதுக்காக வரல. சத்தியமா."

"தெரியும்மா. குடு, பாக்கிறேன்."

"இப்பவா சார்?"

"இன்னிக்கு அச்சுக்குப் போகணும்ல?"

அவள் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். குதிரை பாய்ந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஒரு குறையும் சொல்ல முடியாது. பின்பக்கத் தாளில் அவர் முகத்தைச் சின்னதாக வரைந்து, கீழே 'நுரைக்காரரின் கைப்பக்குவம்' என்று போட்டிருந்தார்கள். போன வாரம் அவரே படித்துப் பார்த்துச் சரி என்று தலையாட்டின வரி.

"இந்த வரிய எடுத்துடும்மா. மூஞ்சியையும் எடுத்துடு."

"வேற என்ன சார் போட?"

"ஒண்ணும் வேணாம்."

"பின்பக்கம் வெறுமையா இருக்குமே சார்?"

"இருக்கட்டும். பேரு இருக்கட்டும், குதிரையும் இருக்கட்டும். உன் வேலையில ஒரு குத்தமும் இல்ல. இது ஒண்ணுதான் பொய்."

அவள் தாளைச் சுருட்டிக்கொண்டு, பூவை அக்காவின் காலடியில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றாள். "கழுதைதான் பாரம் சுமந்ததுன்னு சொன்னாங்களாமே, நீங்க வந்து சொன்னீங்களே," என்று சிரித்தபடி சொல்ல ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள்.

இரண்டு மணிக்குப் பெட்டி வந்துவிட்டது. படி குறுகல். நாலு பேர் சாய்த்துத் திருப்பி, "மெதுவா, மெதுவா, சுவத்துல இடிக்காத" என்று ஏற்றினார்கள். காலியாக ஏற்றும்போதே இவ்வளவு பாடு. பெரியண்ணன் நடுவில் நின்று நடத்திவைத்தார். அக்காவுக்கு நல்ல உடுப்பு உடுத்தி, மேலே அந்தப் போர்வையையே மறுபடி போர்த்தியிருந்தார்கள்.

"போர்வையோட அப்படியே தூக்குங்க," என்றார் பெரியண்ணன். "ஏழு மாசமா அதை விடாம பிடிச்சிட்டு இருந்தா. அவளோடயே போகட்டும்."

"இல்ல பெரியண்ணா," என்றார் நுரைக்காரர். "போர்வை வேணும்."

"என்ன வேணும்?"

"போர்வைய எடுத்துக்கிறேன். வேற போத்தலாம்."

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" பெரியண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. "செத்தவ மேல கிடக்கிறதையா உருவுவ? பழம் போர்வைடா அது! நாலு பேர் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்."

"எதுக்குன்னு சொல்லித் தொலையேன்!"

நுரைக்காரர் சொல்லப் பார்த்தார். ஈஸ்ட், வெண்ணெய், ஐந்தாம் நாள், முள். எதை முதலில் சொல்வது? சாவு வீட்டில் நின்றுகொண்டு தொட்டிக்குக் குளிரும் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அக்கா சொல்லியே அவர் கேட்கவில்லையே.

"காலைல அவகிட்ட ஒண்ணு செஞ்சுட்டேன்னு சொன்னேன் பெரியண்ணா. செய்யல. சாகுற நேரத்துல என் கையப் பிடிச்சிட்டு ரெண்டு தடவை கேட்டா, ரெண்டு தடவையும் பொய் சொன்னேன்." அறுபதை நெருங்குகிற மனிதர், எல்லார் முன்னாலும் குழந்தை மாதிரி விசும்பினார். "அவ இந்த வீட்ட விட்டு இறங்குறதுக்குள்ள அதைச் செஞ்சுட்டு வந்துடுறேன். அதுவரைக்கும் பெட்டிய மூடாதீங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து நுரைக்காரரின் மனைவி வந்தாள். கையில் அவளுடைய சிவப்புச் சால்வை, பீரோவில் மடித்து வைத்துக் காப்பாற்றிவந்த நல்ல சால்வை.

"மூணாம் நம்பருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் தலையாட்டினார். இவளுக்கும் தெரிந்திருக்கிறது! வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், காய்ச்சுகிறவனைத் தவிர.

போர்வையின் மேல் அக்காவின் வலது கை கிடந்தது. விரல்கள் அதன் ஓரத்தில் லேசாக மடங்கியிருந்தன. நுரைக்காரர் தொடத் தயங்கினார். பெரியண்ணன்தான் குனிந்தார். தங்கையின் கையை மணிக்கட்டில் பிடித்து, ஒவ்வொரு விரலாக விடுவித்து, போர்வை நகர்கிற உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எடு," என்றார்.

போர்வை வந்தது. மனைவி சால்வையை விரித்தாள். கழுத்துவரை இழுத்துவிட்டு, "அண்ணிக்குச் சிவப்பு நல்லா இருக்கு" என்று முணுமுணுத்தாள். பெரியண்ணன் அந்தக் கையை அதன் மேல் வைத்தார். நுரைக்காரர் கடைசியாக நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காலையில் இருந்த சூடு போய்விட்டிருந்தது.

கீழ்த்தளத்தில் யாரும் இல்லை. மெஷின்கள் நின்றிருந்தன. அடுக்கி வைத்த காலிப் பாட்டில்களில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. அவர் மூன்றாம் தொட்டியின் எதிரே போய் நின்றார். பதினோரு வருடமாகத் தினமும் பார்க்கிற தொட்டி. கோயிலுக்குள் தெரியாமல் செருப்போடு வந்துவிட்டவனைப்போலக் கூசி நின்றார்.

போர்வையைச் சுற்றினார். தொட்டியின் வயிற்றைத் தழுவி அது தானாகவே உட்கார்ந்தது. நாடாக்கள் இரண்டும் பின்னால் வந்து சந்தித்தன, ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வட்டத்துக்குள்ளிருந்து குழாயின் கைப்பிடி எட்டிப் பார்த்தது. துண்டுத் துணியை அதன் மேல் மடித்துவிட்டுப் பொத்தான் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்றாவது பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை நழுவி, அப்புறம் உள்ளே போனது.

"போத்திட்டேன்க்கா," என்றார் வெறும் அறையைப் பார்த்து.

அப்போதுதான் அதைக் கவனித்தார். போர்வையின் மேல் ஓரம் நின்ற இடத்துக்கு ஒரு சாண் மேலே, பளபளவென்றிருந்த எவர்சில்வரில் ஒரே ஒரு இடம் மட்டும் மங்கலாக இருந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. அவருடைய நெஞ்சு உயரத்தில் இருந்தது. அக்கா குள்ளம்.

பக்கத்துத் தொட்டியில் கை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. இதில் கை வைத்தார். சூடு என்று சொல்ல முடியாது. அந்தச் சில்லிப்பு இல்லை, அவ்வளவுதான். இந்த மயிரிழை வித்தியாசத்தையா அவள் கன்னத்தால் கண்டுபிடித்தாள்! கைக்கே இது பிடிபடவில்லையே. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். எவர்சில்வருக்கு அந்தப் பக்கம், கோடிக்கணக்கான உயிர்கள், ஒரு பெயரும் லேபிளும் இல்லாமல், தின்று, பெருகி, அடங்கி, தாங்கள் போட்ட குப்பையைத் தாங்களே பெருக்கிக்கொண்டிருந்தன. மெல்லிய நடுக்கம் ஒன்று விரல் வழியாக ஏறியது.

மேலே பலகைத் தரையில் காலடிகள் நகர்ந்தன. படியிலிருந்து மூடியம்மாவின் குரல் கேட்டது.

"அண்ணே, மூணு ஆகப் போகுது. பெட்டிய மூடலாமான்னு பெரியவர் கேக்கிறார்."

"வந்துட்டேன்னு சொல்லு."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். முழங்கால் வலிக்க வலிக்க மடக்கி, அக்காவின் உயரத்துக்கு இறங்கி, அந்த மங்கலான இடத்தில் கன்னத்தை வைத்தார்.